பெருந்தொற்றுக் காலப் பணிக்குப் பிறகு மானிட்டர் ஒலி கேட்டாலே உடல் நடுங்குகிறது: இது நோயா, வெறும் சோர்வா?

கேள்வி
எழுதியவர்: முதுநிலை மாணவி, பொது மருத்துவம்

அனைவருக்கும் வணக்கம். நான் பொது மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். 2021ஆம் ஆண்டு பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வாரங்கள் தொடர்ந்து பணியாற்றினேன். அந்த நாள்களைப் பற்றி வீட்டிலோ நண்பர்களிடமோ இதுவரை மனம்விட்டுப் பேசியதில்லை. அடுத்த மாதம் எனக்கு மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோடு இணைந்த மானிட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒலி எழுப்புவதும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கிக்கொண்டே வருவதும் இங்குள்ள மருத்துவர்களுக்குத் தெரியும். அந்த இறங்கும் சுருதி இப்போது எனக்கு எங்கு வேண்டுமானாலும் கேட்கிறது. லிஃப்ட் கதவு திறக்கும்போது எழும் ஓசையில்கூட அது கேட்கிறது. கேட்டவுடன் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடக்கிறது.

நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் இடையே வீடியோ கால் ஏற்பாடு செய்வதும் அந்த நாள்களில் என் பொறுப்பாக இருந்தது. கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்ணாடியில் ஆவி படிந்து எனக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்; குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஒரு நாள், மகள் தன் தந்தையோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சுருதி இறங்கத் தொடங்கியது. அவருக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று அன்று காலையிலேயே முடிவாகியிருந்தது. அழைப்பைத் துண்டிப்பதா, அந்தப் பெண்ணைப் பேசவிடுவதா என்று கேட்டுக்கொள்ள அருகில் மூத்தவர்கள் யாரும் இல்லை. நான் துண்டிக்கவில்லை. அது சரியா, தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இது சிகிச்சை தேவைப்படும் நோயா, அல்லது எல்லோருக்கும் இருந்து எனக்கு மட்டும் தீராமல் நிற்கும் சோர்வா என்று அறிய விரும்புகிறேன். மனநல மருத்துவரிடம் சென்றால் அது என் பதிவேட்டிலும் எதிர்கால வேலையிலும் குறையாக நிற்குமோ என்ற அச்சமும் இருக்கிறது. இவ்வளவு நாள் கடந்த பிறகு இதைப் பேசுவதே பலவீனம் என்று தோன்றுவதால்தான் பெயரில்லாமல் எழுதுகிறேன். பொறுத்தருளுங்கள்.

பதில் 1
எழுதியவர்: தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்

தங்கைக்கு வணக்கம். நோய் பற்றிய கேள்விக்கு இங்குள்ள மனநல மருத்துவர்கள் பதில் சொல்வார்கள். அந்த அழைப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதே இடத்தில் பலமுறை நின்றவன் நான்.

நீங்கள் செய்தது சரி. மருத்துவமாக இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவான ஒரு நேரத்தில், ஒரு மகளின் குரலைத் தந்தையின் காதருகே வைத்திருந்தீர்கள். அழைப்பைத் துண்டித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று இருண்டுபோன ஒரு திரைதான் கடைசி நினைவாக இருந்திருக்கும். அந்தத் தீர்மானத்தைப் படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன ஒருவரிடம் தனியாக விட்டதுதான் தவறு. அது உங்கள் தவறு அல்ல. பணி அட்டவணையை வகுத்த என்னைப் போன்றவர்களின் தவறு.

இதை ஒப்புக்காகச் சொல்லவில்லை. முதல் அலையின்போது என் பிரிவில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர் ஒருவர், ஒரே இரவில் நான்கு மரணச் சான்றிதழ்கள் எழுதிவிட்டு, காலையில் என்னிடம் வந்து கை நடுங்குகிறது என்றார். "போகப்போகப் பழகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் பிறகு தீவிர சிகிச்சைத் துறையையே விட்டுப் போனார். அன்று அவரை உட்காரவைத்து, எந்த நோயாளி, என்ன நடந்தது என்று பத்து நிமிடம் கேட்டிருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்தது. எனக்கும் அந்தப் பேச்சைத் தாங்கும் தெம்பு இல்லாததால்தான் தவிர்த்தேன் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகளைச் செய்தார்கள் என்று 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பெருந்தொற்றில் இந்த அறிவையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் உங்களைப் போன்றவர்களை நிறுத்தினோம். தூக்கமில்லாத மூளையில் பதிந்த அந்த நினைவுகளைச் செரித்துக்கொள்ள உங்களுக்கு அன்று ஓய்வும் கிடைக்கவில்லை, துணையும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதப் பணியைப் பற்றி உங்கள் பிரிவுத் தலைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதல் வாரம் பகல் பணியாகவும் மூத்தவர் ஒருவருடன் சேர்ந்தும் கேட்பதில் தவறே இல்லை. என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டால் இன்று நான் மறுக்க மாட்டேன்.

பதில் 2
எழுதியவர்: மனநல மருத்துவர்

வணக்கம் டாக்டர். ஓர் எழுத்தை வைத்து நோயைக் கண்டறிய முடியாது, கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றில் மூன்று கூறுகள் கண்ணில் படுகின்றன: பழைய காட்சியும் ஒலியும் அழைக்காமலேயே திரும்பி வருவது, அதை நினைவூட்டும் இடத்தைக் கண்டு அஞ்சுவது, உடல் எப்போதும் உஷார் நிலையில் இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் பாதித்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்க வேண்டும். இருந்தால் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அதிர்ச்சி நினைவை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையும் நன்கு ஆராயப்பட்டவை. காலம் கடந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். ஆண்டுகள் கழித்து வருபவர்களும் குணமடைகிறார்கள்.

"நோயா, சோர்வா" என்ற உங்கள் கேள்வி சரியான கேள்வி. பணிச்சோர்வு, அதாவது நாம் பர்ன்அவுட் என்று பேச்சில் சொல்வது, 1974இல் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதியதிலிருந்து மருத்துவ உலகில் பேசப்படுகிறது. உள்ளம் வற்றிப்போதல், நோயாளியை ஒரு மனிதராகக் காண முடியாத மரத்துப்போன நிலை, செய்யும் வேலைக்குப் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அளக்கும் அளவுகோலை 1981இல் மாஸ்லாக் என்ற உளவியலாளர் வெளியிட்டார். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகக் கருதவில்லை. பணி சார்ந்த ஒரு நிகழ்வு என்றே குறிப்பிடுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. பணிச்சோர்வுக்கு மருந்து பெரும்பாலும் பணியின் அமைப்பில்தான் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையையும் ஓய்வின்மையையும் அப்படியே வைத்துக்கொண்டு தியான வகுப்பு நடத்தினால் அது தீராது. மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், வேறு. விடுப்பில் போனாலும் கூடவே வரும்; பிடித்த பாட்டிலும், பிடித்த மனிதரிடத்திலும்கூட இன்பம் இல்லாமல் செய்துவிடும். ஒருவரிடமே இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால்தான் தானாகவே முடிவு கட்டிவிடாமல் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்கிறேன்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாப்பட்டியலை நோயாளிகளுக்குப் பலமுறை கொடுத்திருப்பீர்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதை உங்களுக்காக நேர்மையாக நிரப்புங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையான பரிசோதனை தேவை. ஒன்பதாவது கேள்வி உயிர்வாழ விருப்பமின்மை பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எந்த எண் வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், அன்றே ஒரு மருத்துவரையோ உங்கள் பகுதியின் மனநல உதவி எண்ணையோ அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு மட்டும் தீராமல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. 2020இன் தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வில் 50.4 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும், 44.6 சதவீதத்தினரிடம் பதற்ற அறிகுறிகளும், 34 சதவீதத்தினரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. 2003இல் சார்ஸ் நோய் பரவிய கனடாவின் டொராண்டோவில், நோய் அடங்கி ஓராண்டும் இரண்டாண்டும் கழித்து ஆராய்ந்தபோதும், சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் ஊழியர்களிடம் மற்ற மருத்துவமனைகளின் ஊழியர்களைவிடப் பணிச்சோர்வும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன. போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அந்த ஆதரவு உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை உங்கள் கேள்வியே சொல்கிறது.

அந்த வீடியோ கால் உங்களுக்குள் விட்டுச்சென்றது அச்சம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். போர் வீரர்களிடையே பணியாற்றிய ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் "தார்மிகக் காயம்" என்ற கருத்தை முன்வைத்தார். சரி என்று தான் நம்புவதற்கு மாறாகச் செயல்பட நேர்வதாலும், அதிகாரத்தில் இருப்பவர்கள் நம்மைக் கைவிட்டுவிட்டதாலும் ஏற்படும் காயம் அது. படுக்கை ஒன்று, நோயாளிகள் மூவர் என்ற நிலையில் நின்ற மருத்துவர்களுக்கு இந்தச் சொல் உடனே புரிந்தது. இந்தக் காயத்தை ஆற்றுவதற்கு மாத்திரை போதாது. நடந்ததை நியாயமாக எடைபோடத் தெரிந்த ஒருவரிடம் அதை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே மூத்த மருத்துவர் ஐயா எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

பதிவேடு குறித்த அச்சம் கற்பனையானது என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் மறைந்த பிறகு, மனநல சிகிச்சை பெற்றால் தொழில் போய்விடும் என்று அவர் அஞ்சியதை அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயராலேயே 2022 மார்ச்சில் அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்களின் மனநலனுக்கான சட்டம் இயற்றப்பட்டது. உரிம விண்ணப்பங்களில் கடந்தகால சிகிச்சையைப் பற்றிக் கேட்காமல், இப்போது பணியைப் பாதிக்கும் நிலை ஏதும் உண்டா என்று மட்டும் கேட்க வேண்டும் என்ற கருத்தும் அங்கே வலுப்பெற்றிருக்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் மருத்துவர் நோயாளி ரகசியம் உங்களுக்கும் பொருந்தும். நீங்களும் ஒரு நோயாளிதான். பணியாற்றும் மருத்துவமனைக்கு வெளியே ஒருவரைப் பாருங்கள். ரகசியம் எதுவரை காக்கப்படும் என்று முதல் சந்திப்பிலேயே நேரடியாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பதில் 3
எழுதியவர்: அன்று மூன்றாமாண்டு மாணவன்

அக்கா, வணக்கம். நான் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். 2020 மார்ச்சில் எங்களை வார்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள். பாதுகாப்பு உடைகள் போதவில்லை, மாணவர்களால் தொற்று பரவக்கூடாது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தாம். ஆனாலும் மூத்தவர்கள் உள்ளே போராடும்போது நான் அறையில் அமர்ந்து, மடிக்கணினித் திரையில் இதய முணுமுணுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெதாஸ்கோப்பை ஒரு மனிதரின் நெஞ்சில் வைக்காமலேயே அந்த ஆண்டு கழிந்தது. தேர்வுத் தேதி நான்கு முறை தள்ளிப்போனது. எனக்கு எந்தத் துன்பமும் நேரவில்லை, அதனால் துயரப்படும் தகுதியும் எனக்கு இல்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. பகல் முழுவதும் தூங்கினேன். ஒரு கட்டத்தில் குளிப்பதும் நின்றது.

பெருந்தொற்றுக்கு முன்பே இது இருந்தது என்பதைப் பின்னர் படித்தேன். 2016இல் வெளியான, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரையில், மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 சதவீதத்தினர் மட்டுமே. என் வகுப்பு நண்பன் ஒருவன் தினமும் இரவு எட்டு மணிக்கு அழைத்து, "இன்று குளித்தாயா?" என்று மட்டும் கேட்பான். வேறு அறிவுரை எதுவும் சொல்ல மாட்டான். மூன்று வாரம் கழித்து, மருத்துவரைப் பார்ப்போம், நானும் வருகிறேன் என்றான். நான் சிகிச்சை எடுத்து, படிப்பை முடித்து, இப்போது பணியில் இருக்கிறேன். நீங்கள் பெயரில்லாமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை அக்கா. நானும் பெயரில்லாமல்தான் எழுதுகிறேன்.

பதில் 4
எழுதியவர்: மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை

நால்வர் எழுதியதையும் வாசித்துவிட்டு, நிறுவனங்களின் பக்கத்திலிருந்து சிலவற்றை எழுதத் தோன்றியது.

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குப் போதிய இயந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தப் பைகளை இரவும் பகலும் மாறி மாறி அழுத்தியவர்கள் சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள். இறப்பு விகிதம் பெருமளவு குறைந்தது. நவீன தீவிர சிகிச்சைப் பிரிவே அங்கிருந்துதான் பிறந்தது. வகுப்பில் இதை இந்த அளவில்தான் சொல்லி முடிப்போம். நோயாளிகள் தூங்குவதற்காக இரவில் விளக்கைக் குறைத்துவைத்ததால், தான் சுவாசம் கொடுத்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனதை அறியாமலேயே பையை அழுத்திக்கொண்டிருந்து, விடிந்த பிறகு அறிந்த மாணவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் அதன் பிறகு யாரிடம் பேசினார்கள், எப்படித் தூங்கினார்கள் என்பதை நாம் பாடத்தில் சேர்ப்பதில்லை. இந்தக் கேள்வியை எழுதிய மாணவியின் கையில் பைக்குப் பதிலாகக் கைபேசி இருந்தது.

உலக மருத்துவச் சங்கம் 2017இல் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிக்கும் பொருட்டு என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறன்களையும் பேணுவேன் என்னும் பொருள்படும் வரி சேர்க்கப்பட்டது. மாணவர்களை அந்த உறுதிமொழியைச் சொல்லவைக்கும் நாம், அதைக் கடைப்பிடிப்பதற்கான நேரத்தையும் கொடுக்க வேண்டும். பாடத்தில் சேர்ப்பதைவிட அட்டவணையில் சேர்ப்பதுதான் பயன் தரும் என்பது என் அனுபவம். மரணச் செய்தியையோ கடைசி அழைப்பையோ பயிற்சி மருத்துவர் தனியாகக் கையாளக் கூடாது, உடன் ஒரு மூத்தவர் இருந்தே தீர வேண்டும் என்று எங்கள் துறையில் விதி வகுத்தோம். இருவர் இருவராக இணைத்து, பணி முடியும்போது ஒருவர் மற்றவரிடம் "இன்று எது கனமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றும் வைத்தோம்.

ஒன்றை மட்டும் தவிர்த்தோம். பெரிய நிகழ்வு நடந்த மறுநாள் எல்லோரையும் ஒரே அறையில் அமர்த்தி, நடந்ததை விவரிக்கும்படி கட்டாயப்படுத்தும் ஒற்றைக் கூட்டங்கள், பேரதிர்ச்சிக் கோளாறைத் தடுப்பதில்லை என்றும் சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்றும் ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு நல்ல உள்ளங்களே இதைச் செய்துவிடுகின்றன. பேச விரும்புபவர் பேசட்டும். விரும்பாதவருக்குத் தூக்கமும் உணவும், யாரிடம் எப்போது பேசலாம் என்ற தகவலும் முதலில் கிடைக்கட்டும்.

இன்னொன்று: 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுடன் பணிபுரிந்தவர்கள் துக்கம் அனுசரிக்க ஒரு நாள்கூட நிற்காமல் அடுத்த படுக்கைக்குப் போனார்கள். அந்தத் துக்கம் இன்னும் பலரிடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் இவ்வளவு காலம் கழித்துப் பேசுவதில் வியப்பு ஒன்றுமில்லை, அம்மா.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. முதல் பதிலை வாசித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். "நீங்கள் செய்தது சரி" என்று இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லும்படி நானும் இதை எங்கும் வெளியிடவில்லை.

வினாப்பட்டியலை நேற்றிரவு நிரப்பினேன். மொத்தம் 14 வந்தது, ஒன்பதாவதில் பூஜ்யம். வேறொரு மருத்துவமனையில் பணியாற்றும் மனநல மருத்துவரிடம் வியாழக்கிழமை காலை நேரம் கிடைத்திருக்கிறது. என்னோடு அன்று பயிற்சி மருத்துவராக இருந்த தோழியை அழைத்து இதைச் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, தனக்கும் அந்த ஒலி கேட்பதாகச் சொன்னாள். அவளும் என்னோடு வருகிறாள்.

வியாழக்கிழமைப் பணியை மாற்றித் தரும்படி பிரிவுத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் முதலில் "சொந்த வேலை" என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, "மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.